படிக்கப் போகும் ஊரின் மொழி

பிள்ளையை டாக்டராக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கும் உண்டு. அரசுக் கல்லூரியில் இடம் கிடைப்பது அரிது. தனியார் கல்லூரிக் கட்டணமோ குமாஸ்தா சம்பளத்துக்கு எட்டாது. ஆகவே பி.எப். பணத்தை எடுத்தும், ஊரில் உள்ள நிலத்தை விற்றும் சிலர் ரஷ்யாவுக்கு அனுப்புகிறார்கள். கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் விசாரிக்கும் பெற்றோர், அந்த நாட்டு மொழியைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. "பாடம் ஆங்கிலத்தில்தான்" என்று ஏஜெண்டு சொன்னதும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

ஏஜெண்டு சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் வகுத்த விதிகளின்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஆங்கில வழியில், குறைந்தது 54 மாதங்கள் நடக்க வேண்டும். அத்துடன் அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் பெற வேண்டும். ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசுவார். ஆனால் வயிற்று வலியென்று வரும் ரஷ்யக் கிழவி எந்த மொழியில் பேசுவாள்?

புதிதாகப் போகும் மாணவனுக்குக் குளிரும் சாப்பாடும்தான் பெரிய கஷ்டமாகத் தோன்றும். கம்பளிக் கோட்டு வாங்கினால் குளிர் அடங்கும். அறையில் சோறு பொங்கினால் பசி அடங்கும். வார்டில் நோயாளியின் கட்டிலருகே வாயடைத்து நிற்கும்போதுதான், தான் அந்நிய நாட்டில் இருப்பது உறைக்கிறது. நோயாளியிடம் கேட்டு அறிய வேண்டியதைப் புத்தகத்தில் தேட முடியாது.

சோவியத் காலத்தில் இந்த நிலை இல்லை. மாஸ்கோவில் 1960-ல் நிறுவப்பட்ட மக்கள் நட்புறவுப் பல்கலைக் கழகத்தில், வெளிநாட்டு மாணவர்கள் முதலில் ரஷ்ய மொழி கற்று, பிறகே பாடத்துக்குச் சென்றனர். அந்த ஏற்பாட்டில் இருந்த நன்மையை இன்றைய மாணவன் தானாகவே தேடிக்கொள்ள வேண்டும்.

இந்தியா திரும்பியதும் எழுத வேண்டிய தகுதித் தேர்வு ஆங்கிலத்தில்தானே, ரஷ்ய மொழி எதற்கு என்று சிலர் கேட்கலாம். அத்தேர்வில் 300-க்கு 150 மதிப்பெண் பெற வேண்டும். நோயாளிகளைப் பார்த்துப் பழகியவனுக்கும், வெறும் குறிப்புகளை மனப்பாடம் செய்தவனுக்கும் அங்கே வித்தியாசம் தெரிந்துவிடும். தேர்வுக்குப் பிறகு வரப்போகிறவர்களும் நோயாளிகளே அல்லவா?

இது நம்மவர்களுக்குப் புதிய பாடமல்ல. திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் மார்க்கெட்டிலும் மின்சார ரயிலிலும் இந்தியையும் மராத்தியையும் கற்றுக்கொண்டார்கள். மொழி தெரிந்த பிறகுதான் முதலாளியிடம் நியாயம் கேட்க முடிந்தது. தாங்கள் பட்டறிந்ததைப் பெற்றோர் பிள்ளைக்கும் சொல்லி அனுப்ப வேண்டும்.

ரஷ்ய மொழிக்கு 33 எழுத்துக்களே. சென்னையிலும் மும்பையிலும் உள்ள ரஷ்யப் பண்பாட்டு மையங்களில் வகுப்புகள் நடைபெறுகின்றன. புறப்படுமுன் அங்கே சேர்வது நல்லது. போன பின்னும் நம் ஊர்ப் பிள்ளைகளோடு மட்டுமே கூடியிருக்காமல், அந்த ஊராருடன் பேசிப் பழக வேண்டும். நிலத்தை விற்று அனுப்பும் குடும்பம் பிள்ளையிடம் இதைக் கேட்பதில் தவறில்லை.