திறக்காத புத்தகம்: குற்றம் யாருடையது?

மின்புத்தகம் செல்போனில் வந்து இறங்கிவிட்டது. தட்டினால் திறக்கவில்லை! "பைல் கெட்டுவிட்டது" என்று போன் சொல்லுகிறது. "உங்களுக்குப் போனைக் கையாளத் தெரியவில்லை" என்று வீட்டுப் பெரியவர்களைப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்.

இது சரியல்ல. பல நேரங்களில் தவறு படிப்பவருடையது அல்ல. கட்டி அனுப்பியவருடையது.

"ஜிப்" என்றால் என்ன?

பைலைச் சுருக்கிப் பொட்டலமாகக் கட்டும் முறைகளில் ஒன்று "ஜிப்". அமெரிக்காவைச் சேர்ந்த பிலிப் காட்ஸ் 1989-ம் ஆண்டு இதைக் கொண்டு வந்தார். இன்றும் சாதாரண ஜிப் பைலின் தொடக்கத்தில் "பி.கே." என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்கள் இருக்கின்றன. அவை அவருடைய பெயரின் முதல் எழுத்துக்கள்!

பொட்டலத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் பைலின் கடைசியில் இருக்கும். பாதியில் இணைப்பு அறுந்தால் அந்தப் பட்டியல் வராது. முக்கால் பங்குக்கு மேல் வந்தும் புத்தகம் திறக்காததற்குக் காரணம் இதுதான்.

என்ன செய்யலாம்?

முதலில் அளவைப் பாருங்கள். 5 எம்.பி. என்று போட்டிருக்க, 3 எம்.பி.தான் வந்திருந்தால், பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.

அளவு சரியா? பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். "ரார்" என்று முடிந்தால் அது வேறு வகைக் கட்டு. அதை அவிழ்க்கத் தெரிந்த செயலி வேண்டும். துண்டு துண்டாக வந்திருந்தால், எல்லாத் துண்டுகளும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும்.

"இபப்" என்று முடிந்தால் அவிழ்க்கவேண்டாம். புத்தகம் படிக்கும் செயலியில் அப்படியே திறக்கலாம்.

"இதைத் திறக்க எங்கள் செயலியைப் போடுங்கள்" என்று முன்பின் தெரியாதவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். புத்தகத்துக்கு ஆசைப்பட்டு வங்கிப் பணத்தை இழக்கக்கூடாது!

கொடுப்பவர் கடமை

"இபப்" புத்தகமே உள்ளுக்குள் ஒரு ஜிப் கட்டுதான். அதை மறுபடி ஜிப்பில் கட்டினால் அளவு பெரிதாகக் குறைவதில்லை. படிப்பவருக்குத் தொல்லைதான் மிச்சம்.

மதுரைத் திட்டம் 1998-ம் ஆண்டு பொங்கல் முதல் தமிழ் நூல்களை இலவசமாகக் கொடுத்து வருகிறது. அங்கே பொட்டலம் பிரிக்காமல் நேராகப் படிக்கலாம். மற்றவர்களும் அப்படிச் செய்தால் என்ன?

கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், பைலின் அளவு என்ன, எந்த வகை, எதில் திறக்கும் என்று மூன்று வரி தமிழில் எழுதட்டும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவருக்கு முதல் புத்தகமே திறக்காவிட்டால், அவர் அடுத்ததைத் தேடமாட்டார். "படிப்பு நமக்கு ஒத்துவராது" என்று போனை மூடி வைத்துவிடுவார். மூன்று வரி எழுதச் சோம்பல் பட்டு, ஒரு வாசகரை இழக்கலாமா?