அம்மாச்சிக்கு சூடு பிடித்த கதை

புனே வந்து இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுதிய ஒரே கட்டுரை, சொசைட்டி தண்ணீர்ப் பிரச்னை பற்றிய புகார் மனுதான். அப்பேர்ப்பட்ட என்னிடம் நியூஜெர்சியிலிருந்து தங்கை மகள் மருத்துவக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையை அனுப்பி, "படிச்சுட்டு சொல்லுங்க மாமா" என்றாள்.

இங்கே நீட்டில் 720க்கு எவ்வளவு என்பதோடு கதை முடிந்தது. (சாதிச் சான்றிதழ் கேட்பார்கள், கதை கேட்க மாட்டார்கள்.) அங்கே நாலு வருஷ டிகிரி, எம்கேட் பரீட்சை எல்லாம் தாண்டி, ஏன் டாக்டராகணும் என்று இடைவெளியும் சேர்த்து 5300 எழுத்துக்குள் சொல்லணும். பிறகு ஒவ்வொரு கல்லூரியும் உன் பின்னணி என்ன, எங்களுக்கு நீ எதைக் கொண்டு வருவாய் என்று தனித்தனியாகக் கேட்கும்.

இவள் எழுதியிருந்தது: மல்லிகைப்பூ, பரதநாட்டியம், டாக்டரே இல்லாத கிராமத்தில் கஷ்டப்பட்ட அம்மாச்சி. படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கம்மா இருந்தது மதுரையில், தடுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரி!

மாப்பிள்ளை நேர் எதிர். "இந்தியான்னு ஒரு வார்த்தை வரக்கூடாது. ஏசியன்னாலே போட்டி ஜாஸ்தி. 2023 தீர்ப்புக்கு அப்புறம் அதெல்லாம் எழுதவே கூடாது" என்கிறார். தப்பு. ஹார்வர்டு வழக்கில் 2023 ஜூன் 29ல் வந்த தீர்ப்பு, இனத்தைப் பார்த்து இடம் கொடுப்பதைத்தான் தடுத்தது. இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதுவதைக் கல்லூரி கணக்கில் எடுக்கலாம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அதிலேயே சொல்லியிருக்கிறார். ஆனால் அது அந்த மாணவரின் தனிப்பட்ட குணத்தோடோ திறமையோடோ சேர்ந்திருக்கணும். ஆக, மல்லிகைப்பூவுக்கு மார்க் கிடையாது.

என்னைக் கேட்டால் ரெண்டு பேரும் செய்வது ஒன்றுதான். ஒருத்தி வேஷம் கட்டுகிறாள், ஒருத்தர் முக்காடு போடச் சொல்கிறார்.

"அம்மாச்சி அங்க வந்தப்போ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியே, அதை ஏன் எழுதல?" என்றேன். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மா "சூடு பிடிச்சிருக்கு"ன்னு சொல்ல, இவள் உடம்பு சூடாக இருக்கு என்று மொழிபெயர்க்க, டாக்டர் காய்ச்சல் பார்த்து, இல்லை என்று அனுப்பிவிட்டார். நாலாம் நாள் குளிர்ஜுரம். அப்புறம்தான் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது.

போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அது என் தப்பு மாமா. அதை எப்படி எழுத?" என்றாள்.

பன்னிரண்டு வயசுப் பிள்ளையை மொழிபெயர்க்க விட்டது பெரியவங்க தப்பு என்றேன். அதை அவளே எழுதட்டும். அந்த ரெண்டு வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்த டாக்டர் ஒருத்தர் அங்கே வேணுமா வேண்டாமா?

அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மதுரைக்குப் போன் போட்டேன். "அடப்பாவி, இதையெல்லாமா காகிதத்துல எழுதுவாங்க?" என்றாள். பிறகு, "சரி, என் பேர மட்டும் போட வேணாம்னு சொல்லு."