தண்ணீர் மணிக்குப் பிறகு

2025 ஜூன் கடைசியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குத் தண்ணீர் மணி வந்தது. காலை 11, பகல் 1, பிற்பகல் 3 என மூன்று வேளை மணி அடிக்கும்; பிள்ளைகள் இருந்த இடத்திலேயே பாட்டிலைத் திறந்து குடிப்பார்கள். கேரளப் பள்ளிகள் 2019இலேயே கைக்கொண்ட வழக்கம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு இது மற்ற பல ஊர்களைவிட அதிகம் தேவை. இங்கே கத்திரி முடிந்தாலும் சூடு முடிவதில்லை. ஆடிக் காற்றில் வியர்வை ஊறுவது தெரியாமலே உலர்ந்துவிடும். தாகம் எடுப்பதற்குள் பிள்ளை வாடிப்போயிருக்கும். ஆகவே மருத்துவர்களாகிய நாம் மணியை மனமார வரவேற்கிறோம்.

ஆனால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காததற்கு மறதிதான் காரணம் என்று நம்பினால், மணியோடு நம் வேலை முடிந்துவிடும். நிறைந்து வந்த பாட்டில் நிறைந்தபடியே ஏன் வீடு திரும்புகிறது என்று ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். “குடிச்சா ஒண்ணுக்கு வரும்” என்பார்கள். அவர்கள் மறக்கவில்லை, யோசித்துத்தான் குடிக்காமல் இருக்கிறார்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறையையும் பாதுகாப்பான குடிநீரையும் எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயமாக்கியது. ஆறு மாதத்துக்குள் இவற்றைச் செய்து முடிக்கும்படி 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கட்டடங்கள் எழும்பின. இப்போதைய சிக்கல் கட்டடத்தில் இல்லை, அன்றாடப் பராமரிப்பில் இருக்கிறது. உள்ளே குழாயில் தண்ணீர் வருகிறதா? கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? கழுவுவது யார், அவருக்குச் சம்பளம் மாதாமாதம் போகிறதா? சாவி யாரிடம்? இதோடு நேரக் கணக்கும் சேர்கிறது. 200 மாணவிகளுக்கு 5 கழிப்பறை, 10 நிமிட இடைவேளை, ஆளுக்கு 2 நிமிடம் என்று வைத்துப் பாருங்கள்: 25 பேர் போய் வரலாம். மீதிப் பேர் வகுப்பு நடுவில் எழுந்து எல்லோர் முன்னாலும் அனுமதி கேட்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண் கேட்கமாட்டாள். அடக்கிக்கொள்வாள்.

அடக்குவதன் விளைவு நம் புறநோயாளர் வரிசையில் நிற்கிறது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மலம் தேங்கிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் மறுபடியும் தொற்று. ஆன்டிபயாடிக் எழுதித் தருகிறோம். “நிறையத் தண்ணி குடிம்மா” என்று சொல்லி அனுப்புகிறோம். அவள் திரும்பிப் போவது அதே பள்ளிக்குத்தான். பள்ளிக் கழிப்பறையைப் பற்றிக் கேட்காமல் கொடுக்கும் அந்த அறிவுரை பாதிச் சிகிச்சைகூட ஆகாது.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் இன்னொரு தடையும் உண்டு. அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடி. சிப்பிகளும் சங்குகளும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் இங்கே சிமெண்ட் ஆலைகள் வந்தன. அந்தக் கல்லைத் தொட்டு வரும் போர் தண்ணீர் கடினமாக இருக்கும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். “சுண்ணாம்புத் தண்ணி, குடிச்சா கல்லு வரும்” என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். பயத்தில் பிள்ளைக்கும் அளந்தே ஊற்றுகிறார்கள். நம்மில் சிலரே இதற்குத் தலையாட்டுகிறோம். சிறுநீரகக் கல்லுக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று சிறுநீர் குறைந்து கெட்டிப்படுவது. கடினநீரில் உள்ள கால்சியத்தைவிட, கடினநீருக்குப் பயந்து குடிக்காமல் இருப்பதே பெரிய ஆபத்து. உணவோடு சேரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்கிறது என்பதையும் பெற்றோருக்கு எளிமையாகச் சொல்லலாம்.

ஃப்ளோரைடு வேறு விஷயம். அதை ருசியில் கண்டுபிடிக்க முடியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. மாற்று நீர் இல்லாத இடத்தில் 1.5 வரை. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் ஒவ்வொரு பள்ளியும் இதைச் சோதித்துத்தான் ஆக வேண்டும். கொள்ளிடத்துத் தண்ணீர் வரும் ஊர்களிலும் தொட்டி கழுவிய தேதியைக் கேளுங்கள். குழாய் முனையில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று சுகாதார ஆய்வாளரின் குளோரோஸ்கோப் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

எவ்வளவு குடிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். 9 முதல் 13 வயது வரை ஆண் பிள்ளைக்கு நாளுக்கு 2.1 லிட்டர், பெண் பிள்ளைக்கு 1.9 லிட்டர் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் கணக்கிட்டது. சோற்றிலும் குழம்பிலும் இருக்கும் நீரும் அதில் அடக்கம். ஆனால் அது மிதமான தட்பவெப்பத்துக்கான கணக்கு; நம் வெயிலில் விளையாடும் பிள்ளைக்குப் போதாது. எண்ணைவிடச் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கப் பழக்குவது மேல். வெளிர் மஞ்சள் சரி. அடர்ந்திருந்தால் இன்னும் குடிக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் மதிப்பெண் ஏறும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். எட்மண்ட்ஸ், பர்ஃபோர்ட் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 250 மில்லி குடித்த 7 முதல் 9 வயதுப் பிள்ளைகள் கவனம் சார்ந்த சில சோதனைகளில் மேலாகச் செய்தார்கள். அவ்வளவுதான் அந்தச் சான்று. சிறுநீரக, இருதய நோயால் நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்ட பிள்ளைகளை மணி அடித்ததும் வற்புறுத்தக் கூடாது. அவர்கள் பெயர் வகுப்பு ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் சிறார் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை செல்கின்றன. எடை, உயரம், பல், கண் எல்லாம் பார்க்கிறோம். கூடவே இரண்டு கேள்வி: பள்ளி நேரத்தில் எத்தனை தடவை போகிறாய்? ஒரு தடவைகூடப் போகவில்லை என்றால் ஏன்? பதிலைக் குறித்துக்கொண்ட கையோடு கழிப்பறைக்கு நடந்து போய்ப் பாருங்கள். பார்த்ததைத் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் அடுத்த வருடம் அதே தாழ்ப்பாளைத்தான் மறுபடி பார்ப்பீர்கள்.

3 மணி அடிக்கும்போது குடிக்கும் பிள்ளையையும் நினைத்துப்பாருங்கள். குன்னத்திலோ செந்துறையிலோ அவள் பள்ளி விட்டதும் நெரிசலான டவுன் பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேர வேண்டும். கடைசிப் பாடவேளை முடிந்து பஸ் வரும்வரை கழிப்பறை பூட்டப்படாமல் இருக்கட்டும். இதற்குத் தனி நிதியோ அரசாணையோ வேண்டாம். சாவி வைத்திருப்பவரிடம் இந்த வாரமே பேசலாம்.