கட்டுத்தரையும் கணக்கேடும்

பள்ளியில் நிரப்பப்படும் படிவங்கள் பலவற்றில் 'தாயின் தொழில்' என்றொரு கட்டம் உண்டு. அலுவலகம் செல்லாத தாயாக இருந்தால் 'இல்லத்தரசி' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிடுவது வழக்கம். ஊரில் இருக்கும் பாட்டியைப் பற்றிக் கேட்டாலோ விடை இன்னும் சுருங்கிவிடும். "பாட்டி ஊரில் சும்மாதான் இருக்கிறார்" என்று தில்லியிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இயல்பாகச் சொல்கின்றனர். பிள்ளைகள்மீது குறையில்லை, பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே அவர்கள் அவ்வாறு பேசப் பழகியுள்ளனர். ஆயினும் 'சும்மா' என்னும் அச்சொல் உண்மையைச் சொல்கிறதா என்பது ஆராயத்தக்கது.

கொங்கு நாட்டில் காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் உள்ள ஒரு சிறு தோட்டத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம். மழை குறைந்த நிலப்பகுதி அது. ஊருக்குள் தெருவில் குடியிருக்காமல், தம் நிலத்தின் நடுவிலேயே வீடு கட்டி வாழ்வது அங்குப் பலரின் வழக்கம். அவ்வீட்டைச் 'சாளை' என்பர். இரண்டு மூன்று ஏக்கர் நிலம், ஒரு கிணறு, சில தென்னைகள், மாடுகள் கட்டும் கட்டுத்தரை, ஓர் ஆட்டுப்பட்டி, நாலைந்து கோழிகள் ஆகியவையே அக்குடும்பத்தின் உடைமை. சிலருக்குக் 'கொறங்காடு' எனப்படும் மேய்ச்சல் நிலமும் உண்டு. அங்குக் கொழுக்கட்டைப் புல் வளர்ந்திருக்கும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிற்கும். சுற்றிலும் கிளுவை மரங்களாலான உயிர்வேலி இருக்கும். வெள்வேலத்தின் நிழல் மாட்டுக்கு. அதன் நெற்று ஆட்டுக்கு. ஒரு வேலியையும் ஒரு மரத்தையும்கூட வீணாக நிறுத்தாத ஏற்பாடு அது.

இவ்வீட்டில் பொழுது, சூரியன் எழுவதற்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடும். முதல் வேலை கட்டுத்தரையில். இரவெல்லாம் சேர்ந்த சாணத்தை வாரி எருக்குழியில் இட வேண்டும். மாடு தின்று கழித்த தட்டையையும் கூளத்தையும் கூட்டி அதே குழியில் தள்ள வேண்டும். வாசலுக்குச் சாணம் தெளித்துக் கோலமிட்ட பின்னர்க் கறவை தொடங்கும்.

பால் கறப்பதை எளிய வேலை என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறையேனும் செய்து பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். கன்றை முதலில் ஊட்டவிட்டால்தான் பசு பால் சுரக்கும். சுரந்ததும் கன்றைப் பிரித்துக் கட்ட வேண்டும். கறந்து முடித்த பின் மீண்டும் அவிழ்த்துவிட வேண்டும். கன்றுக்கு எவ்வளவு விடுவது, கூட்டுறவுச் சங்கத்துக்கு எவ்வளவு ஊற்றுவது என்பதை நாள்தோறும் கறப்பவரே முடிவு செய்ய வேண்டும். இன்றைய வரவை எண்ணிக் கன்றை வஞ்சித்தால், நாளை அக்கன்று மெலிந்து நிற்கும். சங்கத்திலோ பாலில் உள்ள கொழுப்பையும் பிற சத்தையும் அளந்தே விலை போடுவர். ஆகவே தீவனத்தில் கை வைத்தாலும் அது விலையில் வந்து நிற்கும். காங்கேயம் மாடு உழவுக்கும் வண்டிக்கும் பேர்பெற்றதே தவிர, மிகுதியாகப் பால் தருவதன்று. ஆகையால் சங்கத்துக்குப் பால் ஊற்றும் குடும்பங்கள் கலப்பினப் பசு ஒன்றையும் வைத்திருப்பதுண்டு. கலப்பினப் பசு வெயில் தாங்காது. தீவனமும் கூடுதலாகக் கேட்கும். இரு வகை மாட்டுக்கும் இரு வகைக் கவனிப்பு.

கறக்க அமரும்போதே மாட்டை நோட்டமிடுவதும் நடந்துவிடும். அசை போடாமல் நிற்கிறதா, மூக்கின் ஈரம் காய்ந்திருக்கிறதா, காதுகள் தொங்குகின்றனவா என்று பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. மாட்டுக்குக் காய்ச்சல் என்பதைக் கால்நடை மருத்துவர் வருவதற்கு முன்பே அவ்வீட்டுப் பெண்மணி அறிந்திருப்பார். இதற்குச் சான்றிதழ் எதுவும் அவரிடம் இல்லை.

கட்டுத்தரையின் ஓரத்தில் ஒரு தொட்டி இருக்கும். கொங்கு வட்டாரத்தில் அதனைக் 'குளுதாடி' என்பர். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், மிஞ்சிய சோறு எல்லாம் அதில் சேரும். அதனுடன் தவிடும் புண்ணாக்கும் கலந்து மாட்டுக்குக் காட்டுவர். இன்று பெருநகரங்களில் ஈரக்குப்பை வேறு, உலர்குப்பை வேறு எனப் பிரித்துக் கொடுக்குமாறு பச்சைத் தொட்டியையும் நீலத் தொட்டியையும் வைத்துப் பாடம் நடத்துகின்றனர். சாளையில் ஈரக்குப்பை என்ற ஒன்றே கிடையாது. சமையலறையில் மிஞ்சியது மாட்டுக்கு; மாடு கழித்தது எருக்குழிக்கு; எருக்குழியில் மக்கியது வயலுக்கு. இதைப் புதிய கண்டுபிடிப்புப் போல வேற்றுமொழிப் பெயரிட்டுக் கருத்தரங்குகளில் பேசுவோர் ஒரு முறை குளுதாடியை எட்டிப் பார்க்கலாம்.

விதையைக் காக்கும் வேலை இதைவிட நுட்பமானது. துவரையையும் அவரையையும் அறுத்த கையோடு மூட்டையில் போட்டுவிட முடியாது, வண்டு துளைத்துவிடும். செம்மண்ணைக் குழைத்துப் பருப்பில் பூசி, வெயிலில் பல நாள் உலர்த்தி, அதன் பிறகே சேமிப்பர். சிலர் சாம்பல் கலப்பர். சிலர் வேப்பிலையும் நொச்சியிலையும் இடுவர். விதைக்கென ஒதுக்கியதை, வீட்டில் எத்தனை முடை வந்தாலும் உணவுக்கு எடுப்பதில்லை. எந்தக் கொடியின் காயைப் பறிக்காமல் முற்றவிட வேண்டும், எந்தச் சுரைக்காயை விதைக்கு விட வேண்டும் என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. கோழியை அடை வைப்பதும் இத்தகையதே. அடைக்குத் தகுந்த கோழியைத் தெரிந்து, நல்ல முட்டைகளைப் பொறுக்கி, கூடையில் மணல் பரப்பி வைத்து, 21 நாள் கணக்கு வைத்துக் காத்திருக்க வேண்டும். நாட்காட்டியில் யாரும் குறிப்பதில்லை. நாள் மட்டும் தவறுவதில்லை.

வயல் வேலையைப் பற்றி இங்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது ஏற்கெனவே எல்லோர் கண்ணிலும் படுவது. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டாரை ஓட்டி, நள்ளிரவானாலும் எழுந்துபோய் மடை மாற்றும் தாத்தாவின் உழைப்பைப் பேரப்பிள்ளைகள் மறுப்பதில்லை. அவரை 'விவசாயி' என்று எழுதத் தயங்குவதுமில்லை. அதே நிலத்தில் களை எடுக்கும், கதிர் அறுக்கும், ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் பாட்டி மட்டும் 'சும்மா' இருப்பவராகிவிடுகிறார்.

இத்தவறு நேர்வதற்குப் பள்ளி விடுமுறையும் ஒரு காரணம் எனலாம். வெளிமாநிலங்களில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு இரவுகளைத் தொடர்வண்டியில் கழித்து ஊர் வந்து சேர்வது மே மாதத்தில். அப்போது நிலம் காய்ந்து கிடக்கும். வயலில் வேலை குறைவு. ஆடி மாதத்தில் விதைப்பு தொடங்கும்போது அவர்கள் மீண்டும் வகுப்பறையில் இருப்பர். ஐப்பசி மழையையும் அவர்கள் காண்பதில்லை. தைப்பொங்கலுக்கோ ஓரிரு நாள் விடுமுறை. வந்து திரும்ப அது போதாது. ஆண்டில் மிகக் குறைந்த வேலை உள்ள மாதத்தை மட்டும் கண்டுவிட்டு, ஊர் வாழ்க்கை ஓய்வானது என்று முடிவு செய்துவிடுகின்றனர். அம்மாதத்திலும் உண்மையில் ஓய்வில்லை. அடுக்கி வைத்த சோளத்தட்டை ஆடி மழை வந்து புல் முளைக்கும்வரை நீடிக்கச் செய்ய வேண்டும். ஒரு மாட்டுக்கு ஒரு வேளைக்கு எத்தனை கட்டு என்று அளந்து போட வேண்டும். தவறினால் கோடையில் தீவனம் விலைக்கு வாங்க வேண்டும், அல்லது மாட்டையே விற்க வேண்டும். மரத்தடியில் பேத்திக்குத் தலை வாரிக்கொண்டே இக்கணக்கைப் பாட்டி மனத்துக்குள் போட்டுக்கொண்டிருப்பார்.

பிள்ளைகள் மட்டுமல்லர், அரசின் கணக்கேடும் இவ்வேலையைப் பிரித்துப் பார்க்கத் திணறியுள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'வேலை' என்பதற்கு ஒரு வரையறை தரப்பட்டது. அதன்படி, வீட்டுத் தேவைக்கு மட்டுமே பயிரிட்டாலும், பால் உற்பத்தி செய்தாலும் அவர் உழைப்பாளராவார். கூலி பெறவில்லை என்பது தடையன்று. ஆனால் சமைத்தல், பாத்திரம் துலக்குதல், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளல், தண்ணீர் எடுத்து வருதல் ஆகியவற்றை மட்டும் செய்பவர் உழைப்பாளர் அல்லாதவர். ஒரே கையால் குடத்தைத் தூக்கினால் வேலையன்று; அதே கையால் பால் கறந்தால் வேலை! குளுதாடிக்குத் தண்ணீர் சுமப்பது இவ்விரண்டில் எதில் சேரும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், இக்கோடு எவ்வளவு செயற்கையானது என்பது விளங்கும்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு இந்த மறைவை ஓரளவு விலக்கியது. இந்தியா முழுவதும், ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குச் செலவிட்டனர்; அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களைச் செலவிட்டனர். அதிலும், ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனோரில் நூறு பெண்களுக்கு 81 பேர் இவ்வேலைகளைச் செய்ய, நூறு ஆண்களில் 26 பேரே செய்தனர். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் என்பது ஒரு பள்ளி நாளின் அளவு. தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் அதிகாலையில் உணவுப் பெட்டி கட்டிக் கொடுக்கும் தாயும் இக்கணக்கில் அடங்குவார்.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, பழைய வாழ்க்கையே உயர்ந்தது, அதற்கே திரும்ப வேண்டும் என்று கூறுவோர் உளர். அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கைகளுக்குத்தான் அதன் வலி தெரியும். புகை அடுப்பின் முன் அமர்ந்த கண்களுக்குத்தான் அதன் எரிச்சல் தெரியும். கோயம்புத்தூரில் உருவான மாவரைக்கும் எந்திரம் பெண்களின் தோள்களுக்குச் செய்த நன்மை சிறிதன்று. தமிழ்நாடு அரசு 2011இல் மாவரைக்கும் எந்திரம், மிக்சி, மின்விசிறி ஆகியவற்றை விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது அதனை ஏளனம் செய்தவர்கள் பெரும்பாலும் அம்மியைத் தொடாதவர்களே. தேவையற்ற பாரம் குறைய வேண்டும். அதே வேளையில், மாட்டின் மூக்கைத் தொட்டுக் காய்ச்சல் அறிவதும், செம்மண் பூசி விதை காப்பதும் பாரமல்ல, அறிவு. எந்திரம் வந்ததால் அவை தேவையற்றுப் போய்விடவில்லை.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியது. அதற்கு 'உதவித்தொகை' என்று பெயரிடாமல் 'உரிமைத்தொகை' என்று பெயரிட்டனர். ஐந்து மணி நேர உழைப்புக்கு அத்தொகை ஈடாகாது என்பது வெளிப்படை. ஆயினும் கொடுக்கப்படுவது தயவினால் அன்று என்பதை அச்சொல் உணர்த்துகிறது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு நடைபெறும் என நடுவண் அரசு அறிவித்துள்ளது. கணக்கெடுப்பாளர் சாளையின் வாசலுக்கு வந்து, வீட்டில் ஒவ்வொருவரும் என்ன வேலை செய்கின்றனர் என்று கேட்பார். விடை சொல்பவர் தாத்தாவாகவோ மாமாவாகவோ இருக்கக்கூடும். "அவங்க வீட்டுலதான் இருக்காங்க" என்னும் ஒரு வரி, நாள்தோறும் இரு வேளை பால் கறக்கும் பெண்ணை உழைப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கிவிடப் போதுமானது. பாட்டி தாமே விடை சொன்னாலும், "எனக்கென்ன வேலை, சும்மாதான் இருக்கேன்" என்றுதான் சொல்லிப் பழகியிருப்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசியில் ஊருக்குப் பேசும் பேரப்பிள்ளைகள், கணக்கெடுப்பாளர் வருவதற்கு முன்பே இதைப் பற்றிப் பாட்டியிடமும் தாத்தாவிடமும் பேசி வைக்கலாம். "எத்தனை மாடு கறக்கிறீங்க, பாட்டி? சங்கத்துக்கு எத்தனை லிட்டர் ஊத்தறீங்க?" என்று கேட்டுத் தொடங்கினால் போதும்.