உங்க அப்பா யாரு தம்பி?

ஜூன் பிறந்தால் குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். ஐந்தருவியில் தலையைக் கொடுத்து, பார்டர் புரோட்டாவில் வயிற்றை நிரப்பி, காரில் சாய்ந்தால் தூக்கம். இந்த முறை தென்காசியைத் தாண்டும்போது கொஞ்சம் கண்ணைத் திறந்து வையுங்கள். கிரிக்கெட் மட்டையோடு எத்தனை பையன்கள்? தோளில் டென்னிஸ் ராக்கெட்டோடு எத்தனை பேர்? எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்களே மிச்சமாகும் என்பது என் பந்தயம்.

இதற்கும் ரமேஷ் கிருஷ்ணனுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

"என்னத்த ஆடினார்? சர்வீஸில் வேகமே கிடையாது, ஒரு கிராண்ட் ஸ்லாம்கூட இல்லையே" என்று உச்சுக்கொட்டும் ஆசாமிகள் கவனிக்க. 1979-ல் விம்பிள்டன், பிரெஞ்சு இரண்டிலும் ஜூனியர் சாம்பியன். 1985-ல் உலகத் தரவரிசையில் 23-வது இடம். 1987 டேவிஸ் கோப்பை செமி ஃபைனலில் ஆஸ்திரேலியாவை சிட்னியிலேயே கவிழ்த்தபோது, கடைசி ஆட்டத்தை வென்று கொடுத்தவர் அவர். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் நம்பர் ஒன்னாக இருந்த மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வீட்டுக்கு அனுப்பினார். 1993-ல் ஓய்வு. இது தோற்றவர் கதையா?

தோற்றது நாம்தான். எப்படி என்று கேளுங்கள்.

ரமேஷுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அப்பா ராமநாதன் கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர், 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன், 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் செமி ஃபைனல். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்? அவருடைய அப்பா டி.கே.ராமநாதன். பி.காம். படித்தவன் கணக்கில் இது குடும்பச் சொத்து. முதல் போட்டது அப்பா, உழைத்தது பிள்ளை, டிவிடெண்ட் மட்டும் நமக்கு. நாம் போட்ட முதல், கைதட்டல்.

"லியாண்டர் பயஸ் இல்லையா?" என்பீர்கள். சென்னையில் அமிர்தராஜ் குடும்பம் நடத்திய பயிற்சி மையத்தில் வளர்ந்தவர். 1996 அட்லாண்டாவில் வெண்கலம் வென்றவர். சரி. அவருடைய அப்பாவும் ஒலிம்பிக் ஹாக்கி வீரர்தானே!

விளையாட்டு வீட்டுக்குப் பிள்ளை வருவது பெருமைதான். வராத வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்? கிரிக்கெட்டுக்கு ஒரு கட்டையும் ரப்பர் பந்தும் போதும். டென்னிஸுக்குக் கோர்ட் வேண்டும், அறுந்தால் நரம்பு கட்ட வேண்டும், துள்ளல் போன பந்தை மாற்ற வேண்டும், தப்பாக அடித்தால் திருத்த ஆள் வேண்டும். ஒரு பீடித் தொழிலாளி மகளுக்கு இதையெல்லாம் யார் தருவது?

தென்காசி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது. அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று நாலு கோர்ட், மாதச் சம்பளத்தில் ஒரு கோச், மழை நாளுக்கு மேலே ஒரு கூரை. கேட்டால் கஜானா காலியாகிவிடுமா? ஆனால் ஒரு நிபந்தனை. அது ஆபீசர்கள் சாயந்திரம் தொப்பை குறைக்கும் இடமாகிவிடக் கூடாது.

ராக்கெட்டோடு வரும் பையனிடம் கேட்டில் நிற்பவர் "உங்க அப்பா யாரு தம்பி?" என்று கேட்கிறவரை, இன்னொரு கிருஷ்ணன் வேண்டுமென்றால் அவர் வீட்டு வாசலில்தான் போய் நிற்கணும்.