கேரியரை அறுக்காதீங்க சார்

ஞாயித்துக்கிழமை காலையில இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் பக்கம் வந்தா, அறுத்த புல்லட் ஒண்ணாவது கண்ணுல படும். கேரியர் இல்ல, பின்சீட் இல்ல, மட்கார்டு பாதி. கேட்டா 'கஃபே ரேஸர்', பழைய வண்டியை மீட்டெடுத்தோம்ங்கிறாங்க. மீட்கிறதுன்னா இருந்தபடி ஆக்குறது. இது அறுக்கிறது.

1960கள்ல லண்டன் பையன்கள் ஏஸ் கஃபேயில கூடி, வண்டியோட எடையைக் குறைச்சு, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, மணிக்கு 100 மைலைத் தொடப் பார்த்தாங்க. வேகத்துக்காகச் செஞ்சது, நியாயம். நம்ம பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் 350 புல்லட்டுக்கு இருக்கிறதே 18 குதிரைசக்தி. அது எங்க 160 கிலோமீட்டர் போகும்? அதோட பலம் மெதுவா இழுக்கிறதுல இருக்கு. ரெண்டு பக்கமும் பால் கேன், மேல புல்லுக்கட்டு, ரெண்டாவது கியர்ல மண்பாதையில அசராம வரும். நீங்க முதல்ல அறுத்து எறியறது அந்தக் கேரியரைத்தான்!

அந்த வடிவம்தான் ஆசைன்னா, இதோ ஒரகடத்துல தொழிற்சாலை வச்சிருக்கிற ராயல் என்ஃபீல்டே 2013ல கான்டினென்டல் ஜிடி விட்டாங்களே, பின்னாடி 650ம் வந்துச்சு. அதை வாங்குங்க. வேகம் வேணும்னா 1990லேர்ந்து டிராக் இருக்கு, எங்க தெரு வேணாம். சைலன்சரைக் கழட்டின வண்டி போனா கன்னுக்குட்டி கயித்தை அத்துக்குது.

அறுத்தே தீருவேன்னா, கழட்டுன டேங்க், மட்கார்டு, கேரியரை எடைக்குப் போடாதீங்க. இன்னும் அந்த வண்டியிலயே பால் ஊத்துறவங்க பார்ட்ஸ் கிடைக்காம அலையறாங்க. ஊர் மெக்கானிக்கிட்ட குடுத்துட்டுப் போங்க.