வாடகைக்கு நிற்கும் வாத்தியக்காரர்கள்

2010-களின் முற்பாதியில் சீனத்தின் உள்மாகாண நகரங்கள் பலவற்றில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் விற்பனை தொடங்குகிறதென்றால், மேடையில் அயல்நாட்டு இசைக்குழு ஒன்றை நிறுத்துவது கட்டுமான நிறுவனங்களின் வழக்கமாயிருந்தது. நன்றாக வாசிக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. அயலாராகத் தோன்றினால் போதும். டேவிட் போரென்ஸ்டைன் 2015-இல் நியூயார்க் டைம்ஸ் இதழுக்காக எடுத்த குறும்படமும், 2016-இல் வெளிவந்த அவரது ‘ட்ரீம் எம்பையர்’ ஆவணப்படமும் இவ்வணிகத்தை அருகிலிருந்து காட்டுகின்றன. தோல் நிறத்தையும் நாட்டையும் பார்த்து ஆளைத் தெரிவு செய்யலாம். வெள்ளையருக்கே விலை அதிகம்.

இதைப் பேசுவோர் பெரும்பாலும் சிரித்துவிட்டு நகர்கின்றனர். வெள்ளைத்தோலைக் கண்டு வாய்பிளக்கும் வெகுளிச் சீனர் என்ற சித்திரம் அவர்களுக்குப் போதுமானதாயிருக்கிறது. நமக்கு அதில் உடன்பாடில்லை. பாசாங்கை இனங்காணச் சீனர்க்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஹான் ஃபெய் நூலில் ஒரு கதை உண்டு. ச்சி நாட்டு மன்னன் ஷுவானுக்கு, யூ என்னும் குழற்கருவியை முந்நூறு பேர் சேர்ந்து ஊதக் கேட்பதில் பெருவிருப்பம். வாசிக்கத் தெரியாத நான்குவோ என்பவர் அக்கூட்டத்தில் நின்று, ஊதுவதாக நடித்து ஊதியம் பெற்றுவந்தார். அடுத்து அரியணை ஏறிய மின் ஒவ்வொருவராக ஊதச் சொன்னதும் அவர் ஓடிப்போனார். தகுதியின்றி எண்ணிக்கையை நிரப்புவோரைச் சுட்டும் மரபுத்தொடராக இக்கதை இன்றும் வழங்குகிறது.

ஆனால் நான்குவோ அரசனை ஏமாற்றினார். இங்கோ அரசனே ஆள் அனுப்பி நடிக்க அழைக்கிறான்! ஆகவே வாத்தியக்காரனை மட்டும் எள்ளுவது நியாயமன்று. அவர்களுள் மெய்யாகவே வாசிக்கத் தெரிந்தவனின் நிலை இன்னும் கொடிது. அவன் சுருதி பிசகினாலும் பிசகாவிட்டாலும் கூலி ஒன்றுதான். 1934-இல் ஷாங்காய்க்குச் சென்ற அமெரிக்கக் கறுப்பின டிரம்பெட் கலைஞர் பக் கிளேட்டனும் அயலாரே. கேளிக்கைக்கூடத்தில் வாசித்துப் பிழைத்தவரே. எனினும் அவரைச் சீன மெட்டுகளைக் கற்று வாசிக்கச் சொன்னார்கள். அதாவது, எதிரே கேட்பவர் இருந்தனர்.

சட்டமும் எளியவன் மீதே முதலில் பாய்கிறது. 2013 ஜூலை முதல் நடப்பிலுள்ள குடிநுழைவுச் சட்டப்படி, அனுமதியின்றி வேலை செய்யும் அயலாருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை தண்டம். குற்றம் கடுமையாயின் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. வேலைக்கு அமர்த்தியவருக்கும் தண்டம் உண்டு, ஆளொன்றுக்கு 10,000 யுவான். பல கோடிக்கு வீடு விற்போருக்கு அது மேடையலங்காரச் செலவுக்கும் காணாது.

சரி, மெய்யாகவே ஏமாந்தவர் யார்? சீனத்தில் புதிய வீடுகளில் பெரும்பாலானவை கட்டி முடியுமுன்பே விற்கப்பட்டவை. வாங்குவோர் கண்டது மாதிரி வீட்டையும் மேடையையுந்தான். தங்கள் ஊரும் உலக வரைபடத்தில் ஏறிவிட்டதென்று அந்த மேடை சொன்னது. சேமிப்பைத் தந்து, எஞ்சியதற்கு வங்கிக் கடனும் பெற்றனர். 2021-இல் எவர்கிராண்ட் நிறுவனம் கடனைத் திருப்பித்தர இயலாது தடுமாறியது. 2022-இல், பாதியில் நின்றுபோன வீடுகளுக்குத் தவணை கட்டமாட்டோம் என்று பல நகரங்களில் வாங்கியோர் கூட்டாக அறிவித்தனர். சிலர் மின்சாரமும் தண்ணீரும் இல்லாத அந்த எலும்புக்கூட்டுக் கட்டடங்களிலேயே குடியேறினர்.